ஒருத்திக்கு எத்தனை கத்திரிச் செடி?

“நான் ஒருத்திதானே! எனக்காகக் குழம்பு என்ன, கறி என்ன? மோரும் ஊறுகாயும் இருந்தால் பொழுது போய்விடும்!”

பிள்ளைகள் பட்டணத்திலோ பிரான்ஸிலோ குடியேறிவிட, பாகூர்ப் பக்கமும் வில்லியனூர்ப் பக்கமும் தனியே இருக்கும் தாய்மார்கள் இப்படிச் சொல்வது வழக்கம். கேட்பதற்குச் சிக்கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் கீரையும் காயும் இல்லாத சாப்பாடு நாளடைவில் உடம்பை வாட்டிவிடும். முதலில் அசதி, அப்புறம் சோகை.

புழக்கடையில் நாலு செடி இருந்தால் இந்த அலுப்பு வராது. பறித்த காய் வாடுமே என்பதற்காகவாவது அடுப்பு மூட்டத் தோன்றும். பாகூரோ, புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பூமி. வில்லியனூரோ சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே பெற்ற ஊர், தொட்டிக்குப் பஞ்சமில்லை. இருந்தும், தனியாக இருப்பவர்கள் ஆசையாகத் தோட்டம் போட்டு, இரண்டே மாதத்தில் கைவிட்டுவிடுகிறார்களே, ஏன்? சோம்பல் அல்ல, கணக்குதான் தப்பு. பெரிய குடும்பத்துக்குப் போடுகிற அளவில் விதைத்துவிடுகிறார்கள். பாத்தி நிறையக் கீரை ஒரே நாளில் விளைந்து நிற்கிறது. தின்ன ஆள் இல்லை. முற்றிப் பூத்ததும் மனசு விட்டுப் போகிறது.

ஆகவே கணக்கை மாற்றுங்கள். சிறுகீரை விதைத்த 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். வாயகன்ற தொட்டி மூன்று எடுத்து, 10 நாளுக்கு ஒன்றாக ஒரு சிட்டிகை விதை தூவினால், ஒன்று தீரும்போது மற்றொன்று தயாராக இருக்கும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் அறுத்தால் மறுபடி துளிர்க்கும். இவற்றோடு வெண்டை நாலு, கத்திரி இரண்டு, மிளகாய் ஒன்று. ஒருத்திக்கு இது தாராளம். வெண்டையை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நார் ஏறிவிடும்.

முருங்கை இல்லாமல் தோட்டமா என்பீர்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பி.கே.எம்.-1 என்ற செடிமுருங்கையை நடலாம். ஆறேழு மாதத்தில் காய்க்கும். இடுப்பளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துக் கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். முருங்கைக் கிளை பொசுக்கென்று முறியும். கூப்பிட்ட குரலுக்கு ஆள் இல்லாத வீட்டில் ஏணி போட்டு ஏறுவது வேண்டவே வேண்டாம்!

விதைப்புக்கு ஆடி மாதம் நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரை விதை அழுகிப் போகும். இது புயல் வரும் கரை வேறு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் புதுச்சேரியை உலுக்கியது நினைவிருக்கும். ஆகையால் தொட்டிகள் ஒருவரே தூக்கித் தாழ்வாரத்தில் வைக்கக்கூடிய கனத்தில் இருக்கட்டும். அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிட்டால் கொசு முட்டையிடும், அன்றன்றைக்கே கொட்டிவிடுங்கள்.

இத்தனைக்கும் மேல் ஒரு விஷயம். ஆடியில் ஊன்றிய ஒரே ஒரு அவரைக் கொடி, மார்கழி தையில் ஒருத்தி தின்று மாளாத அளவு காய்க்கும். பந்தலின் ஒரு பக்கத்தை அடுத்த வீட்டுச் சுவர் வரை விடுங்கள். நீங்கள் மகள் வீட்டுக்குப் போகும் நாலு நாளும் அந்த வீட்டுக்காரி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். இரண்டு நாளாகக் கதவு திறக்கவில்லையே என்று எட்டிப் பார்ப்பவளும் அவளாகத்தான் இருப்பாள்.

விதை, பூச்சி பற்றிச் சந்தேகம் வந்தால் குருமாம்பேட்டிலுள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

நகரத்துச் சகோதரிகளே, அடுத்த முறை ஊரில் தனியாக இருக்கும் அம்மாவையோ அத்தையையோ பார்க்கப் போகும்போது பூவோடும் பழத்தோடும் இரண்டு விதைப் பொட்டலமும் எடுத்துப் போங்கள். முதல் தொட்டிக்கு மண்ணை நீங்களே நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.