நடந்தால் மட்டும் போதுமா?

கல்லூரி நடைப்பயணக் குழு என்றதும் என்ன தோன்றும்? ஞாயிற்றுக்கிழமை ஒரு மலை, நாலு பாட்டு, நாற்பது போட்டோ! ஆரம்பித்தவர்கள் படிப்பை முடித்துக் கிளம்பியதும் குழுவும் காணாமல் போய்விடும். நாலு வருடத்துக்கு ஒருமுறை ஆட்களே மாறிவிடும் இடத்தில் ஒரு குழு நூறு வருடத்தைத் தாண்டி நிற்பது சாதாரண விஷயமா?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், டார்ட்மவுத் கல்லூரியில் அப்படி ஒன்று இருக்கிறது. பனிக்காலத்தில் மாணவர்கள் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதைப் பார்த்த பிரெட் ஹாரிஸ் என்ற மாணவர், 1909-ல் மாணவர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். பனியில் நடக்கவும் சறுக்கவும் ஒரு கிளப் வேண்டும் என்றார். அப்படிப் பிறந்ததுதான் டார்ட்மவுத் அவுட்டிங் கிளப். புதிதாகச் சேரும் மாணவர்களை வெளியே கூட்டிப் போகும் பயணங்கள் 1935-ல் தொடங்கின.

ஆனால் உல்லாசம் மட்டும் ஒரு குழுவை இத்தனை காலம் காப்பாற்றாது. ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் நடைபாதையை 1921-ல் பென்டன் மெக்கே முன்மொழிந்தார். 1937-ல் அது முழுமையானது. கல்லூரி இருக்கும் ஹானோவர் ஊருக்குள்ளேயே அது போகிறது. அதில் சுமார் 80 கிலோமீட்டரைப் பராமரிப்பது இந்தக் கிளப்தான். விழுந்த மரத்தை அறுத்து அகற்ற வேண்டும். மழைநீர் பாதையை அரிக்காமல் வடிய வழி வெட்ட வேண்டும். வழிகாட்டும் வெள்ளைப் பட்டைகளுக்குத் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. மலை ஏறி இறங்கினால் அன்றைய வேலை முடிந்தது. பாதை வேலையோ முடிவதே இல்லை. அடுத்த வருடமும் மரம் விழும். அதனால் ஒவ்வொரு செட்டும் அடுத்த செட்டுக்கு ரம்பத்தைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும். குழுவுக்கு உயிர் கொடுப்பது இதுதான்.

இந்தப் பெருமையில் ஒரு குறையும் உண்டு. 1972-ல்தான் அந்தக் கல்லூரி பட்டப்படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதுவரையிலான அறுபது வருடக் கதை ஆண்களின் கதைதான். ரம்பத்தைக் கைமாற்றும்போது யாருடைய கைக்குக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம் அல்லவா?

புதிதாகக் குழு ஆரம்பிக்கிறவர்கள் டி-ஷர்ட் அடிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு ஒற்றையடிப் பாதையைப் பொறுப்பேற்றுக்கொள்ளட்டும். இரண்டே கிலோமீட்டர் ஆனாலும் சரி!