அரங்கேற்றத்துக்குப் பின் அரங்கு எங்கே?

அப்டன் பார்க், ஈஸ்ற் ஹாம், மனோர் பார்க் பகுதிகளில் வார இறுதி வந்தால் வாய்ப்பாட்டும் வீணையும் மிருதங்கமும் பரதமும் பயிலச் செல்லும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். ஒரு கிழமை முழுவதும் உழைத்த களைப்பையும் பாராது பெற்றோர் அவர்களை அழைத்துச் செல்கின்றனர். எட்டுப் பத்து ஆண்டுகள் கழிந்ததும் பெரிய மண்டபம் ஒன்றில் அரங்கேற்றம் நடைபெறுகிறது. சென்னையிலிருந்து பக்கவாத்தியக் கலைஞர்கள் வருவதுமுண்டு. அழைப்பிதழ், அலங்காரம், விருந்து என எதற்கும் குறைவில்லை. விழா முடிந்ததும் வீணை உறைக்குள் போகிறது. பிள்ளை பல்கலைக்கழகம் போகிறது. பல வீடுகளில் அத்துடன் பாட்டு நின்றுவிடுகிறது.

அரங்கேற்றம் என்பது அரங்கில் முதன்முறை ஏறுவது, தொடக்கமேயன்றி முடிவன்று. அதை நிறைவு விழாவாக்கிய குறை பிள்ளைகளுடையதன்று. ஒருமுறை ஏறியவர் இரண்டாம் முறை ஏறுவதற்கு இங்கே மேடை இல்லை. அந்த மேடை பெரியதாக இருக்கவேண்டிய அவசியமுமில்லை.

கடலோரத்துச் சென்னை நகரை எடுத்துக்கொள்ளலாம். திருவல்லிக்கேணியில் ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா 1900ஆம் ஆண்டிலேயே தோன்றியது. 1927இல் அங்கு நடந்த காங்கிரஸ் மகாநாட்டை ஒட்டிய இசை மகாநாட்டின் பயனாக, 1928இல் மியூசிக் அகாடமி அமைந்தது. மார்கழி இசைவிழாவின் புகழ் இன்று உலகறிந்தது. ஆனால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அமரும் மண்டபங்களில் மாலை நேரம் பெயர்பெற்றவர்களுக்கே உரியது. இளையவர்களுக்குப் பெரும்பாலும் நண்பகல் வேளையும் வெற்று நாற்காலிகளுமே கிடைக்கின்றன. அதே நகரில் மயிலாப்பூர் ராகசுதா மண்டபம் போன்ற சிறிய இடங்களும் உண்டு. அங்கே பாடகரின் மூச்சும் கேட்கிறது. ரசிகர் தலையசைப்பதைப் பாடுபவர் கண்ணால் காண்கிறார். அந்த உற்சாகத்தில் ராகம் இன்னும் சிறிது விரிகிறது. கலைஞர் வளர்வது இவ்வாறுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும், 1975இல் மறைந்த தவில் மேதை தட்சணாமூர்த்தியின் வாசிப்பையும் கோயில் வீதி மணலில் அமர்ந்து விடிய விடியக் கேட்ட தலைமுறை அது. காங்கேசன்துறையில் வாழ்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக மயான காண்டத்தில் பாடியபோது, முன்வரிசையில் இருந்தவர் கண்ணீரை அவரும், அவர் கண்ணீரை முன்வரிசையினரும் காணக்கூடிய தூரமே இருந்தது. மட்டக்களப்பின் வட்டக்களரியிலோ கூத்தரைச் சுற்றி நாற்புறமும் மக்கள். அந்த நெருக்கமே அக்கலைகளுக்கு உயிர்.

இலண்டனிலும் இம்முயற்சிகள் இல்லாமலில்லை. வெஸ்ற் கென்சிங்டனில் பழைய தேவாலயம் ஒன்றில் இயங்கும் பாரதிய வித்யா பவன் இசையும் நடனமும் கற்பித்துக் கச்சேரிகளும் நடத்திவருகிறது. 1978இல் இலங்கையில் தொடங்கிய தமிழ் அவைக்காற்று கலைக் கழகம், க. பாலேந்திராவின் நெறியாள்கையில் இந்நகரிலும் நல்ல நாடகங்களைத் தந்துள்ளது. ஆயினும் அப்டன் பார்க்கிலிருந்து வெஸ்ற் கென்சிங்டன் செல்ல டிஸ்றிக்ற் ரயிலில் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரமாகும். முழங்கால் வலியுள்ள பாட்டனாரும், மறுநாள் பள்ளி செல்லவேண்டிய சிறுவனும் இரவில் அவ்வளவு தூரம் போய்வருவது எளிதன்று.

ஆகவே கோயில் மண்டபங்களிலேயே மாதம் ஒரு மாலை ஒதுக்கப்படவேண்டும். ஐம்பது, அறுபது நாற்காலிகள் போதும். சிறுவர்களுக்கு முன்னால் ஒரு பாய். ஒலிபெருக்கி வேண்டியதில்லை. அரங்கேற்றம் முடித்த பிள்ளை ஒருவர் ஒரு மணி நேரம் பாடட்டும் அல்லது வாசிக்கட்டும். பக்கவாத்தியமும் இவ்வூர்ப் பிள்ளைகளுடையதாகவே இருக்கட்டும். தேநீருக்குப் பின் அரைமணி நேர ஓரங்க நாடகம் ஒன்று. ஒன்பது மணிக்கு எல்லாரும் வீடு திரும்பலாம். அயலவருக்கும் தொந்தரவு இல்லை.

“யார் வருவார்கள்?” என்று கேட்போர் உண்டு. அறுநூறு பேர் அமரும் மண்டபத்தில் நாற்பது பேர் இருந்தால் அது தோல்விபோலத் தோன்றும். ஐம்பது நாற்காலிகளில் நாற்பது நிறைந்தால் அது நல்ல சபை. “செலவுக்கு என்ன செய்வது?” என்ற கேள்வியும் எழும். மண்டப வாடகையும் ஒலியமைப்பும் இல்லாதபோது எஞ்சுவது தேநீர்ச் செலவே. அரங்கேற்றத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பங்கே ஓராண்டு மாலைகளுக்குப் போதுமானதாகும்.

ஆனால் ஒரு கட்டுப்பாடு அவசியம். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை என்ற வரிசை இம்மாலைகளில் இடம்பெறலாகாது. தமிழர் விழாக்களில் பாடவந்த பிள்ளை மேடையோரம் காத்திருக்க, பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுவதை அறியாதார் இல்லை. கைத்தொலைபேசியில் படம் எடுப்பதையும் அன்று நிறுத்திவைத்தால் நலம். பிள்ளையின் முகத்தைப் பெற்றோர் நேரே பார்க்கட்டும்.

மாதம் ஒருமுறை பாடவேண்டும் என்றிருந்தால் பயிற்சி நிற்காது. பல்கலைக்கழகம் சென்றவரும் விடுமுறையில் வந்து வாசிப்பார். தமிழ் சரளமாக வராத பிள்ளைக்கு நாடக வசனம் நாவில் பழகும். வீட்டில் தனித்திருக்கும் முதியோருக்கு எதிர்பார்த்திருக்க ஒரு மாலை கிடைக்கும். சங்க அங்கத்தவர்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஆலோசித்து, முதல் மாலைக்கு ஒரு நாளைக் குறிப்பார்களாக. பாடுவதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.