பிறந்த வீட்டுப் பங்கு

ஒரு நூற்றாண்டுக்கும் முன்னர் ஜமீன் குடும்பங்களுக்குள் நடந்த சொத்து வியாஜ்யங்களைச் சட்டம் பயில்வோர் மட்டும் புரட்டிப் பார்க்கும் பழங்கதைகளாக எண்ணி ஒதுக்கிவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆயினும், சிவகங்கை ஜமீன் வழக்கைச் சிரத்தையுடன் படிப்பவர் எவரும், அன்று ஒரு மகளுக்கு மறுக்கப்பட்ட நியாயம் இன்றும் நம் கிராமங்களில் வேறு வேஷத்தில் மறுக்கப்பட்டு வருவதை உணராமல் இருக்க முடியாது.

மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801-ஆம் ஆண்டில், கௌரி வல்லப பெரிய உடையத் தேவரைக் கிழக்கிந்தியக் கும்பினியார் சிவகங்கையின் ஜமீன்தாராக அமர்த்தினர். அவர் 1829-இல் ஆண் வாரிசின்றிக் காலமானார். மனைவியரும் பெண்மக்களும் இருக்கும்போதே, ஜமீன் அவருடைய சகோதரர் ஓய்யாத் தேவரின் மகன் கைக்குப் போயிற்று. குடும்பம் பாகப்பிரிவினை ஆகாதது. ஆகவே பெண்களை விலக்கி, ஆண்வழிப் பங்காளிக்கே பாத்தியதை என்பது அம்மகன் தரப்பு வாதம். விதவையரில் ஒருவரான அங்கமுத்து நாச்சியார் இதை எதிர்த்து வழக்காடினார். முடிவு காணாமலே 1850-இல் கண் மூடினார். அதன் பின்னரும், ஜமீன்தாரின் மகள் கட்டம நாச்சியார் மனந்தளராமல், இந்நாட்டு நீதிமன்றங்களில் கிட்டாத நியாயத்தைத் தேடி, லண்டனிலிருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை வழக்கைக் கொண்டு சென்றார்.

1863-இல் அங்கே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. குடும்பம் பிரியாததாகவே இருப்பினும், இந்த ஜமீன் கௌரி வல்லபர் சர்க்காரிடமிருந்து தாமே பெற்ற சுயார்ஜிதம். பொதுச் சொத்து எஞ்சிய பங்காளிகளைச் சேரும் என்ற விதி சுயார்ஜிதத்துக்குப் பொருந்தாது. மிதாட்சரம் என்ற இந்துச் சட்ட முறைப்படி ஆண் சந்ததி இல்லாதபோது அது மனைவிக்கும், அவருக்குப் பின் மகளுக்கும் செல்ல வேண்டியது என்று அந்த மன்றம் தெளிவாக வகுத்தது. தந்தை இறந்து 34 ஆண்டுகள் கழிந்த பிறகே மகளின் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஆனால் அந்த வெற்றியும் அரைகுறையானதே. பெண் அடையும் சொத்து அவள் ஆயுட்காலம் வரையில்தான்; அதன்பின் அது அவளுடைய வாரிசுகளுக்கு அல்லாமல், அவள் தந்தையின் அடுத்த வாரிசுக்கே சேரும் என்பது அக்காலச் சாஸ்திரம். ஆகவே 1877-இல் கட்டம நாச்சியார் மறைந்ததும் வழக்கு மீண்டும் மூண்டது. 1881-இல் பிரிவி கவுன்சில் கௌரி வல்லபரின் மகள் வயிற்றுப் பேரரான துரைசிங்கத் தேவரின் உரிமையை உறுதி செய்தது. ஆக, அத்தனை ஆண்டுகள் போராடி அடைந்த சொத்தில், தமக்குப் பின் அது யாரைச் சேர வேண்டும் என்று சொல்லும் அதிகாரம்கூட அந்த அம்மையாருக்கு இருக்கவில்லை.

இன்று அந்தச் சாஸ்திரம் நம்மைக் கட்டுப்படுத்துவதில்லை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் அரைகுறை உரிமையை முழு உரிமையாக்கியது. தமிழ்நாடு 1989-இல் பூர்விகச் சொத்திலும், அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு, மகனுக்கு இணையான பங்கு அளித்தது. 2005-இன் மத்தியச் சட்டத் திருத்தம் மணமான பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அத்திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் எஞ்சிய ஐயத்தையும் நீக்கியது.

சட்டம் இவ்வளவு தூரம் நடந்து வந்த பின்னரும், குடும்பம் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பதுதான் என் மனத்தாங்கல். தந்தையின் காரியம் முடிந்த சில நாட்களுக்குள் சகோதரியைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று, நிலத்தின் மதிப்பையோ தன் பங்கின் அளவையோ அவள் அறியுமுன்பே விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்குவதை நாம் குற்றமாகவே கருதுவதில்லை. கல்யாணத்தில் போட்ட நகையும் செய்த சீரும் பங்குக்கு ஈடாகிவிட்டன என்று சொல்கிறோம். மகனுக்காகச் செலவழித்த படிப்புச் செலவையோ, அவனுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டையோ அவ்விதம் எவரும் கணக்கில் கழிப்பதில்லை. கேட்டுவிட்டால் பிறந்த வீட்டு உறவு அறுந்துபோகும், தாய்மாமன் சீர் வராது என்ற அச்சத்தாலேயே எத்தனையோ பெண்கள் மௌனமாக ஒப்பமிடுகிறார்கள். அச்சத்தினால் பிறந்த சம்மதத்தைப் பாசம் என்று பெயரிட்டு அழைப்பது தர்மமாகாது.

கோர்ட்டுக்குப் போ என்று எல்லாப் பெண்களுக்கும் உபதேசிப்பதும் பரிகாரமாகாது. கட்டம நாச்சியாருக்கு இருந்த செல்வாக்கும் பொருள்பலமும் அரை ஏக்கர் நஞ்சையில் பங்குடைய ஒரு விவசாயியின் மகளுக்கு ஏது? வாய்தாக்களின் செலவிலேயே அவள் பங்கு கரைந்துபோகும். எனவே இக்கடமை தந்தையரையும் சகோதரர்களையுமே சாரும். தந்தை தம் காலத்திலேயே பெண்களையும் சேர்த்துப் பாகப்பிரிவினையைப் பதிவு செய்துவிட வேண்டும். அது நடவாதபோது, சகோதரன் தானாகவே முன்வந்து பட்டாவில் சகோதரியின் பெயரைச் சேர்க்க வேண்டும். அவள் மனமுவந்து விட்டுக்கொடுக்க விரும்பினால், தன் பங்கின் முழு மதிப்பையும் அறிந்த பிறகு, அவகாசம் எடுத்துக்கொண்டு அதைச் செய்யட்டும். தனக்குரியதைக் கேட்டு வாங்கிய சகோதரியைத் தாய்வீடு முன்போலவே வரவேற்கும் நாள் வரும்போதுதான், நாம் இயற்றிய சட்டத்துக்கு நாமே மரியாதை செய்தவர்களாவோம்.