புறம்போக்கு: வசையாகிப்போன வருவாய்ச் சொல்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேர வழங்கும் வசை 'புறம்போக்கு', தெலுங்கில் 'போரம்போகு'. எதற்கும் உதவாத, கேட்பாரற்ற நிலத்தின் பெயர் உதவாக்கரை மனிதனுக்கு ஆகிவந்தது என்பதே இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த விளக்கம் தவறு.

புறம் என்றால் வெளி. போக்கு, 'போ' என்ற வினையடியாகப் பிறந்தது. வரிக்கணக்குக்கு வெளியே போன நிலம் என்பதற்கு மேல் இந்தக் கூட்டுச்சொல்லில் எதுவும் இல்லை. நிலத்தின் தரத்தைப் பற்றி அது வாய் திறப்பதே இல்லை. இன்றைய கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகாலில்தான், 1792க்குப் பின், அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வயல்வாரியாக அளந்து தீர்வை விதித்த ரயத்துவாரி முறை உருவாயிற்று. தீர்வைக்கு உட்படாததைக் குறிக்கவும் அத்தகைய கணக்கில் ஒரு சொல் தேவை.

பயிரேறாமல் கிடக்கும் நிலத்துக்கு வருவாய்த்துறையில் வேறு பெயர் உண்டு: தரிசு. அதிலும் தீர்வை ஏற்பட்ட தரிசு, ஏற்படாத தரிசு என இருவகை. புறம்போக்கு இவற்றில் சேராது. ஏரி, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, மேய்க்கால், மந்தைவெளி, களம், சுடுகாடு என்று ஊர் முழுதும் புழங்கும் இடங்களே புறம்போக்கு. பாறையும் கல்லாங்குத்தும் அதில் அடக்கம் என்பது உண்மைதான். ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்தப் பாறையைக் கிரானைட் வெட்டக் குத்தகைக்கு விட்டு அரசு வருவாய் பார்க்கிறது. அதையும் பயனற்றது என்று சொல்ல வழியில்லை.

கேட்பாரற்றது என்பதும் பொருந்தாது. சாலை, ஆறு, ஏரி முதலியவை அரசின் உடைமை என்று 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் சொல்கிறது. ஆக்கிரமித்தவருக்குக் கிராம நிர்வாகத்தின் வழியே 'பி மெமோ' என்ற அறிவிப்பு போகும்.

எல்லை தாண்டினால் வேறுபாடு துலங்கும். கர்நாடகப் பதிவேடுகளில் பாதை, ஓடை, சுடுகாடு போன்ற பொதுநிலம் 'பி கராப்'. கராப் என்ற அரபுச் சொல்லுக்குப் பாழ் என்று பொருள். இழிவு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் இல்லை. பட்டா உள்ளதே சொத்து என்ற எண்ணம் வேரூன்றிய இடத்தில்தான், யார் பெயரிலும் பட்டா இல்லாத நிலத்தின் பெயரால் மனிதனைத் திட்ட முடியும். இயக்குநர் எஸ்.பி. ஜனநாதன் 2015இல் தம் படத்துக்கு 'புறம்போக்கு என்கிற பொதுவுடமை' என்று பெயர் வைத்தது சொல்லின் நேர்ப்பொருளுக்கு மிக அருகில் வருகிறது.

கிராமக் கணக்கில் ஏரி என்ற சொல்லை அடுத்து இன்றும் எழுதப்படுவது புறம்போக்கு என்றுதான்.