உள்பக்க டயர் தரையில இருக்கா?

போன வாரம் நம்ம ஃபார்முலா டீம் மீட்டிங்ல ஜூனியர்ஸ் ஒரு முடிவு எடுத்தாங்க. காரில் இப்போது இருக்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைக் கழற்றிவிட்டு, கிளட்ச் பிளேட் வகை ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் போகிறார்களாம். தலைக்கு 6,000 ரூபாய். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன்னா இப்போ இருக்கிறதை வாங்கியே ஆகணும்னு ரெண்டு வருஷம் முன்னாடி கத்தினது நான்தான். அதனால இங்க எழுதுறேன்: இப்போதைக்கு வாங்காதீங்க.

மெக்கானிக்கல் இல்லாதவங்களுக்காக ஒரு நிமிஷம். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். ஃபார்முலா பாரத் போட்டியின் ஸ்கிட்பேட் வட்டத்துக்கு உள்விட்டம் 15.25 மீட்டர், பாதையின் அகலம் 3 மீட்டர். நம்ம காரின் பின்சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர். பாதையின் நடுவில் ஓட்டினால் வெளிச்சக்கரம் சுமார் 14 சதவீதம் கூடுதலாகச் சுற்றணும். அதற்கு இடம் கொடுப்பதுதான் டிஃபரன்ஷியல். ஆனா சாதாரண டிஃப் இரண்டு சக்கரத்துக்கும் சமமாகத்தான் டார்க் தரும். ஒண்ணு வழுக்கினா இன்னொண்ணுக்கும் அந்தக் கொஞ்சம்தான். லிமிடெட் ஸ்லிப் வந்தது இதைச் சரிக்கட்டத்தான்.

நாங்க வாங்கினது ஹெலிக்கல் கியர் வகை. பிளேட் கிடையாது, தேய்மானம் கம்மி, யூடியூப்ல எல்லாரும் புகழ்ந்தாங்க. பிடிப்பு குறைவான சக்கரம் தாங்குகிற டார்க்கைப் போல மூன்று மடங்கு வரை மற்றதற்கு அனுப்பும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. உள்சக்கரம் தரையை விட்டு எழும்பினால்? பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யம்தான்.

போன வருஷம் டெஸ்டிங்ல அதேதான் நடந்தது. வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் 373 சிசி இன்ஜின் அலறும், கார் மட்டும் நகராது. எல்லாரும் டிஃபைத் திட்டினோம். வீடியோவை ஸ்லோமோஷனில் பார்த்த பிறகுதான் தெரிந்தது, உள்பக்கப் பின்டயர் காற்றில் சும்மா சுத்திட்டு இருக்கு. பின்பக்க ஆன்டி-ரோல் பாரை அவ்வளவு கட்டியாகப் போட்டு வைத்திருந்தோம். தப்பு டிஃப்ல இல்ல, எங்க சஸ்பென்ஷன்ல.

அமெரிக்க ராணுவத்தின் ஹம்வியிலும் கியர் வகை டிஃப்தான். சக்கரம் எழும்பினால் ஆக்ஸிலரேட்டரோடு பிரேக்கையும் லேசாக மிதிக்கச் சொல்வார்கள். தூக்கிய சக்கரத்தை பிரேக் பிடித்து வைக்கும், டார்க் மறுபக்கம் போகும். நமக்கு அந்த வித்தையும் செல்லாது. நம்ம காரில் பின்னாடி ஒரே டிஸ்க், அதுவும் டிஃப் மேலேயே உட்கார்ந்திருக்கு.

கிளட்ச் பிளேட் வகையில் ப்ரீலோட் உண்டு. சக்கரம் காற்றில் இருந்தாலும் கொஞ்சம் டார்க் மறுபக்கம் போகும். ஜூனியர்ஸ் சொல்றது இந்த இடத்துல சரிதான். ஆனா அந்த ப்ரீலோடை எவ்வளவு வைப்பது? ஆக்ஸிலரேட்டருக்கு எந்த ராம்ப் கோணம், விடும்போது எந்தக் கோணம்? அதிகமாகப் பூட்டினால் கார் வளைய மறுத்து நேரே போகும், குறைத்தால் பழைய கதை. பிளேட் தேயும்போது செட்டிங்கும் மாறும். இதையெல்லாம் கண்டுபிடிக்க ட்ராக்கில் நாள் கணக்கில் ஓட்ட வேண்டும். போன வருஷம் காரி ஸ்பீட்வேக்குக் கிளம்பும் முன் நமக்குக் கிடைத்த டெஸ்டிங் மொத்தம் நாலு நாள். அதில் ஒருநாள் செயின் அறுந்தே போச்சு.

டிஃபே வேண்டாம், ஸ்பூல் போட்டு ரெண்டு சக்கரத்தையும் ஒரே ஷாஃப்டாகப் பூட்டிடலாம்னு ஒருத்தர் சொன்னார். கோ-கார்ட் அப்படித்தான் ஓடுது, ஆனா அது வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தை வேண்டுமென்றே தூக்குகிற மாதிரி வடிவமைத்த வண்டி. அந்த 14 சதவீதத்தை நம்ம கார் டயரைத் தேய்த்துத்தான் சமாளிக்கும். பணமே இல்லைன்னா இது மோசமான யோசனை இல்ல. பிடித்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

என் கருத்து இதுதான். முதலில் பின்பக்க பாரை இளக்குங்க, உள்டயர் தரையில் நிற்கிறதா பாருங்க. முன்பக்கம் கொஞ்சம் வளைய அடம்பிடிக்கும், உண்மை. அதற்கு முன் சஸ்பென்ஷன்ல வேலை இருக்கு. அந்த 6,000 ரூபாயில் டயர் வாங்குங்க, பெட்ரோல் போடுங்க. அதுக்கப்புறமும் டயர் எழும்பினால், கையில் ரெண்டு மாசம் டெஸ்டிங் நேரமும் இருந்தால், பிளேட் வகையை ஆர்டர் பண்ணுங்க. முதல் ஆளா நானே காசு தர்றேன்.

பின்பக்க பாரை நேத்தே கழட்டி வொர்க்ஷாப் அலமாரி மேல வெச்சுட்டேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பார்க்கிங் கிரவுண்டுல ஓட்டிப் பார்க்கப் போறேன். கேமரா பிடிக்க ஒரு ஆள் வேணும்.