இடம் மாறினால் குணம் மாறும் மூலிகை!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அருவிக்குப் போகிற வழியெல்லாம் கடைகள்தான். மங்குஸ்தான், ரம்புட்டான் கூடைகளுக்கு நடுவே காய்ந்த வேர், பட்டை, பொடிப் பொட்டலங்களும் இருக்கும். ‘அசல் மலை மூலிகை’ என்று சொல்லி விற்பார்கள். மலையில் வளர்வதற்கும் வீட்டுத் தோட்டத்தில் வளர்வதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

செடியால் எழுந்து ஓட முடியாது. பூச்சி கடித்தாலும் வெயில் சுட்டாலும் நின்ற இடத்திலேயே சமாளிக்க வேண்டும். அதற்காகத் தனக்குள்ளேயே சில வேதிப்பொருட்களைத் தயாரித்துக்கொள்கிறது. இலையின் கசப்பு, காரம், மணம் எல்லாம் பெரும்பாலும் அவற்றால் வருபவை. நமக்கு மருந்தாவதும் அவைதான். வெயில், நிழல், ஈரம், மண் மாறினால் அவற்றின் அளவும் மாறும். ஜப்பானில் சில தேயிலைத் தோட்டங்களுக்குப் பறிப்பதற்குச் சில வாரங்கள் முன்பே நிழல் வலை போடுவார்கள். துவர்ப்பு குறைந்து சுவை கூடும்.

குற்றாலத்துக்குத் தெற்கே நீளும் அகத்தியமலைக் காடுகளில் இதற்கு நல்ல சாட்சி உண்டு. 1987-ல் விஞ்ஞானிகள் சிலர், காணி பழங்குடியினரின் துணையோடு காட்டுக்குள் போனார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிகளோ ஏதோ ஒரு சிறு காயை மென்றபடி சளைக்காமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. மரநிழலில், ஓடைக்கரை ஈரத்தில் வளரும் சின்னச் செடி.

அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தைத் தயாரிக்கும் உரிமை, 1995-ல் கோவை நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்குத் தரப்பட்டது. அந்தத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. இதுவரை சரி. மருந்து செய்ய இலை வேண்டுமே? வெளியே நட்டால் செடி வளர்ந்தது. ஆனால், இயற்கையான காட்டுச் சூழலில் வளர்ந்தால்தான் மருத்துவக் குணம் முழுதாக இருக்கும் என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். காட்டில் பயிரிடலாம் என்றால், செடியே அழிந்துவிடுமோ என்று வனத்துறை தயங்கியது. இலை கிடைப்பதே பெரும்பாடானது.

அதனால், மலையில் ஒரு மூலிகையைப் பார்த்தால் வேரோடு பிடுங்கி வந்து தொட்டியில் வைக்காதீர்கள். இலை துளிர்க்கலாம், மருந்துக் குணமும் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. காட்டில் மட்டும் ஒரு செடி நிச்சயம் குறைந்திருக்கும்.