விளையாட்டு யந்திரமும் வீட்டுக் கணக்கும்

ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு குடும்பத் தலைவர் நமக்கு ஒரு வழக்கை அனுப்பித் தீர்ப்புக் கேட்டிருக்கிறார். அவருடைய குமாரன் காலேஜில் படித்த நாளில் வாங்கிய ஆப்பிள் கம்பெனியின் 'மாக்' யந்திரம் ஒன்று வீட்டில் இருக்கிறது. யாதொரு கோளாறும் இன்றி ஓடுகிறது. பிள்ளையாண்டான் இப்போது உத்தியோகத்தில் அமர்ந்து, முதல் வருஷத்துச் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் விரும்பும் ஆட்டங்கள் இதில் ஓடவில்லை; வேறு கம்ப்யூட்டரும் நல்ல திரையும் வாங்கப் போகிறேன்" என்கிறானாம். தகப்பனாரோ, "பாவுக்கும் ஊடைக்கும் நூல் வாங்க வேண்டிய பணத்தை விளையாட்டில் கொட்டுவதா?" என்கிறார். தங்கைக்குத் தமிழில் எழுத ஒரு யந்திரம் வேண்டுமாம். தாயாருடைய கட்சி இன்னதென்று கடிதத்தில் இல்லை. சமையலறையிலிருந்து அவர் இரு தரப்பு வாதங்களையும் கேட்டுக்கொண்டிருப்பார் என்று ஊகிக்கிறோம்.

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடனே முகத்தைச் சுளிக்கும் வழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. ஆனால் பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலி ஆட்டமும் வளர்ந்த நாடு இது. 2022-ஆம் வருஷம் மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்கப் போட்டியை நடத்தினோம். 2024 டிசம்பரில் சென்னைச் சிறுவர் குகேஷ் பதினெட்டாவது வயதில் உலக சாம்பியன் ஆனபோது ஊரெல்லாம் மிட்டாய் வழங்கினோம். ஆகவே விளையாட்டை நாம் வெறுப்பவர்களல்லர், சூதாட்டத்தையே வெறுப்பவர்கள். இந்த இரண்டுக்கும் நடுவே இந்தியப் பாராளுமன்றமும் 2025 ஆகஸ்டில் ஒரு கோடு கிழித்தது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து, திறமையினால் ஆடும் மின் விளையாட்டுப் போட்டிகளை அங்கீகரிக்கும் சட்டம் அப்போது நிறைவேறிற்று. தகப்பனார் மகனிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி யந்திரத்தின் விலையைப் பற்றியதன்று. "நீ ஆட விரும்புவது என்ன ஆட்டம்?" என்பதே அது. பணயம் வைக்கும் ஆட்டமென்றால் அங்கேயே பேச்சை முடித்துவிடலாம். இல்லையென்றால் மேலே படிக்கலாம்.

மகன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2006-ஆம் வருஷம் மாக் யந்திரங்களில் இண்டெல் சில்லுகள் இடம் பெற்றன. அதே யந்திரத்தில் விண்டோஸையும் ஏற்றி ஆடும் வசதியை ஆப்பிள் கம்பெனியாரே கொடுத்தார்கள். 2019-இல் வெளியான மாக் இயங்குதளம் பழைய 32-பிட் ஆட்டங்களைக் கைவிட்டது. 2020 நவம்பரில் எம்-1 என்னும் சொந்தச் சில்லு வந்ததும், விண்டோஸை ஏற்றும் அந்த வாசலும் அடைபட்டது. 2023-இல் வெளியான 'கவுண்டர்-ஸ்டிரைக் 2' மாக் யந்திரத்துக்கு வரவே இல்லை. 'வேலரண்ட்' என்ற ஆட்டம் கம்ப்யூட்டர்களில் விண்டோஸில் மட்டுமே ஓடுகிறது. இளைஞர்கள் கூட்டாகச் சேர்ந்து ஆடுவன பெரும்பாலும் இவ்விதமானவை.

ஆனால் மறுபுறமும் பார்க்க வேண்டும். 'பால்டர்ஸ் கேட் 3' 2023-இலும், 'சைபர்பங்க் 2077' 2025-இலும் மாக் யந்திரத்துக்கு வந்து சேர்ந்தன. ஆகவே பிள்ளையாண்டான் கடைக்குப் புறப்படுமுன் ஒரு காகிதத்தை எடுத்து, தான் ஆட விரும்பும் ஐந்து ஆட்டங்களின் பெயரை எழுதட்டும். அவற்றில் நான்கு பழைய யந்திரத்திலேயே ஓடுமானால் புதிது வாங்குவது வீண் செலவு. நான்கு ஓடாவிட்டால் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது.

அந்தப் பட்டியலில் நாமும் ஒரு பெயரைச் சேர்க்க விரும்புகிறோம். 'வெண்பா' என்று ஓர் ஆட்டம் 2023-இல் வெளிவந்தது. கனடாவில் டொரண்டோ நகரத்தைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறு கம்பெனி அதைச் செய்தது. 1980-களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. தாயார் கொடுத்த சமையற் குறிப்புப் புத்தகத்தில் அழிந்துபோன இடங்களை ஊகித்து இட்லியும் புட்டும் செய்வதுதான் ஆட்டம். துப்பாக்கி இல்லை, இரத்தம் இல்லை. 2024-இல் பிரிட்டிஷ் அகாடமியார் முதற் படைப்புக்குரிய பரிசை அதற்கு அளித்தார்கள். புனாவிலிருந்து 2020-இல் வெளிவந்த 'ராஜி' என்ற ஆட்டம் நமது புராண உலகத்தையே களமாகக் கொண்டது. சில்லுகள் தைவானிலிருந்து வந்தாலும், அவற்றில் ஓடும் கதை நம்முடையதாக இருக்கலாம் என்பதற்கு இவை சாட்சி. 'வெண்பா'வுக்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை என்பதையும் தகப்பனார் கவனிப்பாராக.

இனி, வாங்குவதென்றே முடிவானால், எதை முதலில் தேர்ந்தெடுப்பது? திரையை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். யந்திரம் எவ்வளவு வலிமையுள்ளதாக இருக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது திரைதான். கணக்கைப் பாருங்கள். 1920-க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் ஏறக்குறைய 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். 2560-க்கு 1440 என்றால் 36 லட்சத்து 86 ஆயிரம். 'ஃபோர்-கே' எனப்படும் 3840-க்கு 2160 என்றால் 82 லட்சத்து 94 ஆயிரம். முதலாவதைப்போல் சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு காட்சிக்கும் இத்தனை புள்ளிகளுக்கும் வர்ணம் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்ததில் சுமார் 17 பங்கு. 144 ஹெர்ட்ஸ் திரையில் 7 பங்குதான். திரை பெரிதாகவும் வேகமாகவும் ஆக ஆக, கார்டின் விலையும் ஏறும். திரை மலிவு என்று ஃபோர்-கே வாங்கிவிட்டு, அதை நிரப்பச் சக்தியில்லாத கார்டைப் பூட்டுவது, ஒற்றை மாட்டைக் கட்டி இரட்டை மாட்டு வண்டியை இழுக்கச் சொல்வது போன்றது.

மாக் யந்திரத்திலிருந்து வருகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தில் ஏமாறுவதுண்டு. அந்த யந்திரத்தின் திரையில் ஓர் அங்குலத்துக்கு இருநூறு புள்ளிகளுக்கு மேல் நெருக்கமாக இருப்பதால் எழுத்துக்கள் அச்சடித்தாற்போல் தெரியும். 27 அங்குலத் திரையை 1080 அளவில் வாங்கினால் அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளிகளே கிடைக்கும். ஆட்டத்தில் அது தெரியாது. ஆனால் தங்கை கட்டுரை எழுத உட்கார்ந்தால் 'ணை'யின் சுழியும் 'ஞூ'வின் வளைவும் மங்கிப் போகும். அதே 27 அங்குலத்தில் 1440 அளவென்றால் 109 புள்ளிகள். ஃபோர்-கே என்றால் 163. ஆட்டமும் எழுத்தும் ஒரே திரையில் நடக்க வேண்டிய குடும்பத்துக்கு 27 அங்குலம், 1440 அளவு, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல் என்பது நடுத்தரமான நல்ல வழி. பணம் குறைவென்றால் 24 அங்குலத்தில் 1080 போதும். திரையை வாங்கி வந்தபின் விண்டோஸின் அமைப்பில் வேகத்தை 144 என்று மாற்றிவிட வேண்டும். மாற்ற மறந்து 60-இலேயே வருஷக்கணக்கில் ஆடுகிறவர்கள் உண்டு. பழைய 27 அங்குல ஐமாக்கையே திரையாக உபயோகிக்கலாமென்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். 2014-இல் வந்த ஐந்து-கே மாடலிலிருந்து அந்த வசதி இல்லை.

கார்டின் விஷயத்தில் பெயரைப் பார்த்து மயங்கலாகாது. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. என்ற ஒரே பெயரில் 8 ஜி.பி. நினைவகம் உள்ளதும், 16 ஜி.பி. உள்ளதும் விற்கின்றன. 1440 திரைக்குப் பின்னதே ஏற்றது. மடிக்கணினிக்குள் இருக்கும் கார்டு, மேஜைக் கணினியின் கார்டின் பெயரையே சூட்டிக்கொண்டாலும் சக்தியில் குறைந்தது. கார்டைத் தவிர, யந்திரத்துக்கென்று தனியே 16 ஜி.பி. நினைவகமாவது வேண்டும். 2025-இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை வெகுவாக ஏறிற்று. ஆகவே கார்டுக்குரிய பணத்தை நினைவகம் விழுங்காதபடி முன்கூட்டியே விலை கேட்பது நலம். விண்டோஸ் 10-க்குக் கம்பெனியாரின் இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பழைய யந்திரத்தை மலிவென்று தலையில் கட்டப் பார்க்கும் வியாபாரியிடம், "இதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறுமா?" என்ற ஒரே கேள்வி போதும்.

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். ஜலகண்டாபுரத்துக்கென்று சில விசேஷங்கள் இருக்கின்றன. தறி ஓடும் ஊரில் காற்றிலே பஞ்சுத் தூசு பறக்கும். கம்ப்யூட்டரின் விசிறி அந்தத் தூசை இழுத்துக் கம்பளிபோல் போர்த்திக்கொள்ளும். அப்புறம் சூடு வெளியேறாது. யந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கழற்றிக் கழுவக்கூடிய வலை பொருத்திய பெட்டியாக வாங்கி, பதினைந்து நாளைக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் சேலம் சீமை எப்படிக் கொதிக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் காரணங்களினால், மெல்லிய மடிக்கணினியைவிட, திறந்து துடைத்துப் பாகங்களை மாற்றக்கூடிய மேஜைக் கணினியே இவ்வூருக்கு உகந்தது.

அடுத்தது மின்சாரம். நடுத்தரமான விளையாட்டு யந்திரமும் திரையும் சேர்ந்து ஆடும்போது 350 முதல் 400 வாட் வரை இழுக்கக்கூடும். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் 1.2 யூனிட், அறுபது நாளில் 72 யூனிட். மாக் மடிக்கணினியில் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புதிது. சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது மின்சாரம் போனால் யு.பி.எஸ்ஸும் கூடவே படுத்துவிடும். 1000 வி.ஏ.க்குக் குறையாமல் வாங்குவது நல்லது. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. நூறு ரூபாயில் பத்து ரூபாய் அதற்கு ஒதுக்கினாலும் தகும். மூன்று முனைச் செருகியில் எர்த் கம்பி உண்மையாகவே இணைந்திருக்கிறதா என்று மின்சாரத் தொழிலாளியைக் கொண்டு முதலில் சோதித்துவிட வேண்டும்.

பழைய யந்திரத்திலுள்ள பொருள்களை மாற்றுவதிலும் நிதானம் தேவை. மாக் தன் வழக்கப்படி எழுதிய டிஸ்கை விண்டோஸ் தானாகப் படிக்காது. வெளி டிஸ்க் ஒன்றை இரண்டுக்கும் பொதுவான 'எக்ஸ்-ஃபாட்' முறையில் தயார் செய்து, குடும்பப் புகைப்படங்களையும் கணக்குகளையும் அதில் எடுத்து, புது யந்திரத்தில் திறந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே பழையதில் கை வைக்கலாம். தமிழைப் பற்றிப் பயம் வேண்டாம். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு மாக் யந்திரத்துடனேயே வந்தது. விண்டோஸிலும் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே லதா என்னும் தமிழ் எழுத்துரு உண்டு. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்ற தமிழ்-99 விசைப்பலகை இரண்டு யந்திரங்களிலும் கிடைக்கிறது. விரல்கள் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை.

பழைய மாக்கை விற்க வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி. எம்-1 அல்லது அதற்குப் பிந்திய சில்லு உள்ளதானால் விற்க வேண்டாம் என்போம். அது தங்கையின் எழுத்து வேலைக்கு இன்னும் பல வருஷம் உதவும். இண்டெல் சில்லு உள்ளதானால், 2025-இல் வெளிவந்த பதிப்பே அவ்வகைக்குக் கடைசி என்று ஆப்பிள் கம்பெனியார் அறிவித்துவிட்டதால், விலை போகும்போதே விற்பது புத்திசாலித்தனம்.

இனித் தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. 1804-ஐ ஒட்டிப் பிரான்சு தேசத்து லியான் நகரத்தில் ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பட்டில் பூ வேலை செய்யும் தறியை அமைத்தார். அந்த அட்டையைப் பார்த்தே பாபேஜ் என்ற ஆங்கிலேயர் கணக்கிடும் யந்திரத்துக்குத் திட்டம் போட்டார். 1890-இல் அமெரிக்கர் ஜனத்தொகைக் கணக்கைத் துளையட்டைகளால் எண்ணினார்கள். ஜக்கார்டு அட்டையில் துளை இருந்தால் நூல் எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. கம்ப்யூட்டரின் ஒன்றும் பூஜ்யமும் அதே பேச்சுதான். உங்கள் பிள்ளை கேட்கும் யந்திரம் உங்கள் தறிக்குத் தூரத்து உறவு. பகலில் அதே கிராபிக்ஸ் கார்டு சேலைக் கரைக்கு டிசைன் போடவும் உதவும்.

பிள்ளையாண்டானுக்கும் ஒரு வார்த்தை. சேமிப்பு முழுவதையும் யந்திரத்தில் போடாதே. கடன் வாங்கி ஒரு பைசாவும் போடாதே. சேமிப்பில் பாதிக்குள் அடங்கும் யந்திரத்தை வாங்கு. கார்டை இரண்டு வருஷம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். திரையும் பெட்டியும் எஸ்.எம்.பி.எஸ்ஸும் அதுவரை உழைக்கும். யந்திரத்தைக் கதவடைத்த அறையில் வைக்காமல் கூடத்தில் வை. முதல் ஞாயிற்றுக்கிழமை 'வெண்பா'வைப் போட்டு, அம்மாவை அருகில் உட்கார வைத்து இட்லி வார்க்கச் சொல். வழக்கில் அவருடைய தீர்ப்பு என்ன என்பது அன்று தெரிந்துவிடும்.